எவர் கணக்கில் இக்கரி? சேர்வராயன் மலையிலிருந்து ஒரு திறனாய்வு

புவி வெப்பமடைதல் பற்றிய பேச்சு நம் திருச்சபைகளுக்குப் புதியதன்று. ஜூன் மாதத் தொடக்கத்தில் சுற்றுச்சூழல் ஞாயிறு ஆசரிக்கப்படுகிறது, மரக்கன்றுகள் நடப்படுகின்றன, துணிப்பை எடுத்துச் செல்லவும், வீணாக எரியும் விளக்கை அணைக்கவும் சபையார் அறிவுறுத்தப்படுகின்றனர். இவ்வறிவுரை தவறென்று எவரும் கூறார். ஆயினும் அதே ஞாயிறன்று அதே ஆலயத்தில், காப்பித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் பழம் பறிக்கும் பெண்ணும், ஆலையொன்றின் கொதிகலனுக்கு எவ்வெரிபொருளை வாங்குவதெனத் தீர்மானிக்கும் மேலாளரும் அருகருகே அமர்ந்திருக்கக்கூடும். இருவருக்கும் ஒரே அறிவுரையை வழங்கி, இருவரையும் ஒரே பாவ அறிக்கையைச் சொல்லவைக்கும் நாம் நீதியாய் நடந்துகொள்கிறோமா? இக்கேள்வியே இக்கட்டுரையின் பொருள்.

இதற்கு விடைகூற முற்படும் ஆவணங்கள் பல. அவற்றுள் எதிரெதிர்த் திசைகளில் நிற்கும் இரண்டை ஈண்டுத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, பொறுப்பைத் தனிமனிதரின் வாழ்க்கைமுறையில் வைக்கும் இந்திய அரசின் 'லைஃப்' இயக்க ஆவணம். மற்றொன்று, பொறுப்பை நூறு நிறுவனங்களின்மேல் வைப்பதாக உலகெங்கும் எடுத்தாளப்படும் 2017 ஆம் ஆண்டின் 'கார்பன் மேஜர்ஸ்' அறிக்கை. இரண்டையும் ஏட்டளவில் மட்டும் ஒப்பிடாமல், நமக்கு அருகிலுள்ள சேர்வராயன் மலையின் வரலாற்றோடு உரசிப் பார்ப்பதே நம் நோக்கம்.

1. கோடிக்கணக்கான கைகள்

2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியப் பிரதமரால் முன்மொழியப்பட்டு, 2022 அக்டோபர் 20 ஆம் நாள் குஜராத் மாநிலக் கேவடியாவில் ஐக்கிய நாடுகள் பொதுச் செயலாளர் முன்னிலையில் தொடங்கப்பட்டது 'லைஃப்' இயக்கம். சுற்றுச்சூழலுக்கு இசைந்த வாழ்க்கைமுறை என்பது அப்பெயரின் விரிவு. ஆற்றல் சேமிப்பு, நீர்ச் சேமிப்பு முதலிய ஏழு தலைப்புகளின்கீழ் 75 செயல்களை அது பட்டியலிடுகிறது. சிவப்பு விளக்கில் வண்டியின் எஞ்சினை நிறுத்துதல், எல்.இ.டி. விளக்கைப் பயன்படுத்துதல், துணிப்பை கொண்டுசெல்லுதல் போன்றவை அவற்றுள் அடங்கும். 2027-28 ஆம் ஆண்டிற்குள் குறைந்தது 100 கோடி மக்களைச் செயலில் இறக்குவது அதன் இலக்கு.

இவ்வாவணத்தின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். நுகர்ச்சிக்கு வரம்பு உண்டென்று ஓர் அரசே எடுத்துரைப்பது அரிது. ஓர் இந்தியரின் சராசரிக் கரியமில வாயு வெளியேற்றம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன். அமெரிக்கரின் சராசரி ஏறத்தாழ 14 டன். வாழ்க்கைமுறையைப் பற்றிப் பேசுங்கள் என்று செல்வநாடுகளைப் பார்த்துச் சொல்ல இந்தியாவுக்கு உரிமையுண்டு.

குறை எங்கே உள்ளது? ஆவணம் வகுத்துள்ள வரிசைமுறையில் உள்ளது. மாற்றம் மூன்று கட்டங்களில் நிகழும் என்கிறது அது: முதலில் மக்களின் தேவை மாறும், பின்னர் அதற்கேற்ப உற்பத்தி மாறும், இறுதியில் கொள்கை மாறும். அதாவது, அதிகாரம் மிகக் குறைந்தவர் முதலில் நடக்கவேண்டும்; மிகுந்தவர் கடைசியில் வரலாம். ஆனால் ஆவணத்தின் பட்டியலிலுள்ள எல்.இ.டி. விளக்கே இவ்வரிசைக்கு எதிராகச் சாட்சி கூறுகிறது. 2014 இல் ஒரு விளக்கை அரசு கொள்முதல் செய்த விலை ஏறத்தாழ 310 ரூபாய். 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின்கீழ் அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்யத் தொடங்கியபின், இரண்டே ஆண்டுகளில் அது 40 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் இத்திட்டத்தால் வீடுகளைச் சென்றடைந்தன. ஏழையின் வீட்டில் விளக்கு மாறியதற்குக் காரணம் ஏழையின் மனமாற்றம் மட்டுமன்று. கொள்முதல் செய்யும் அதிகாரம் படைத்த அமைப்பொன்று முதலில் அசைந்ததே முதன்மைக் காரணம்.

2022 ஆம் ஆண்டின் பன்னாட்டுக் காலநிலைக் குழு அறிக்கையும் இதனையே வேறு சொற்களால் உரைக்கிறது. மக்களின் தேவையிலும் பயன்பாட்டிலும் ஏற்படும் மாற்றங்களால் 2050 ஆம் ஆண்டளவில் இறுதிப் பயன்பாட்டுத் துறைகளின் வெளியேற்றத்தை 40 முதல் 70 விழுக்காடு வரை குறைக்க இயலும் என்று அது மதிப்பிடுகிறது. ஆனால் பேருந்தும் இருப்புப்பாதையும் வீட்டமைப்பும் தொழில்நுட்பமும் கொள்கையும் அதற்கு இடந்தர வேண்டும். பேருந்து இல்லாத ஊரில் பேருந்தில் செல்லுங்கள் என்று போதிப்பது அறிவுரையாகாது.

தனிமனிதரிடம் கணக்குக் கேட்கும் இம்முறைக்கு மற்றொரு வரலாறும் உண்டு. மனித வாழ்வு புவியில் பதிக்கும் 'தடம்' என்னும் கருத்தை 1992 இல் எடுத்துரைத்தவர் கனடா நாட்டு அறிஞர் வில்லியம் ரீஸ். ஆனால் 'உமது கரிமத் தடம் எவ்வளவு?' என்னும் கேள்வியை வீடுதோறும் கொண்டுசென்றதில் பெரும்பங்கு ஓர் எண்ணெய் நிறுவனத்திற்கு உரியது. பிரிட்டிஷ் பெட்ரோலியம் 2000 ஆம் ஆண்டில் தன் பெயரின் முதலெழுத்துக்களுக்குப் 'பெட்ரோலியத்திற்கு அப்பால்' என்று புதுப்பொருள் கற்பித்தது. 2004 இல் அவரவர் தம் தடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும் கருவியொன்றையும் வெளியிட்டது. எண்ணெய் எடுத்து விற்பவர் வாங்குபவரிடம் கணக்குக் கேட்டார். கேட்டவரின் கணக்கு நெடுநாள் கேட்கப்படவில்லை. அக்கேள்வியை ஆராயாமல் நம் பிரசங்கபீடத்தில் ஏற்றுவோமாயின், நாம் அறியாமலே அவ்விளம்பரத்திற்கு ஆமென் கூறியவராவோம்.

2. நூறு பெயர்கள்

இரண்டாம் ஆவணம் இதற்கு எதிர்முனையில் நிற்கிறது. 2014 இல் ரிச்சர்ட் ஹீட் என்பவர் வெளியிட்ட ஆய்வு, தொழில்யுகத்தின் தொடக்கம் முதல் 2010 வரை வெளியேறிய கரியமில வாயுவிலும் மீத்தேனிலும் 63 விழுக்காட்டை 90 உற்பத்தியாளர்களோடு தொடர்புபடுத்திற்று. அதன் தொடர்ச்சியான 2017 ஆம் ஆண்டு அறிக்கை, 1988 முதல் 2015 வரையிலான தொழில்துறைப் பைங்குடில் வாயுக்களில் 71 விழுக்காட்டை 100 உற்பத்தியாளர்களோடு தொடர்புபடுத்துகிறது.

1988 என்னும் ஆண்டு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பன்னாட்டுக் காலநிலைக் குழு அமைக்கப்பட்ட ஆண்டு அது. அதற்குப்பின், அறியாமல் எரித்தோம் என்று பெரிய உற்பத்தியாளர் எவரும் கூறுதல் அரிது. அறிவு வந்த நாள்முதல் பொறுப்பை எண்ணுவது இவ்வறிக்கையின் தலையாய நன்மை.

ஆயினும் இவ்வறிக்கையை மேற்கோள் காட்டுவோர் பலர் அதனை முழுதும் கற்றதில்லை. அந்நிறுவனங்களோடு தொடர்புபடுத்தப்பட்ட வெளியேற்றத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு, அவர்கள் விற்ற நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் வாங்கியவர் எரித்ததால் உண்டானது. நூறு பேர் எரித்தனர் என்று அறிக்கை கூறவில்லை. நூறு உற்பத்தியாளரின் எரிபொருள் எரிந்தது என்றே கூறுகிறது. மேலும் 'நிறுவனம்' என்றவுடன் தனியார் முதலாளியொருவர் நம் மனக்கண்ணில் தோன்றுகிறார். ஆனால் அப்பட்டியலில் அரசுகளுக்குரிய நிறுவனங்கள் பல. நம் கோல் இந்தியாவும் அதில் உண்டு. அதன் பெரும்பான்மைப் பங்கு இந்திய அரசிற்கு உரியது. 'குற்றம் நிறுவனங்களுடையது' என்று கூறிக் கைகழுவ விரும்பும் குடிமகன், அந்நிறுவனத்தின் உரிமையாளர் வரிசையில் தானும் நிற்பதைக் காண்கிறான்.

நீதிமன்றங்களும் இவ்விடத்தில் தடுமாறுகின்றன. வாடிக்கையாளர் எரிப்பதையும் உட்படுத்தி, 2030 க்குள் வெளியேற்றத்தை 2019 ஆம் ஆண்டின் அளவிலிருந்து 45 விழுக்காடு குறைக்குமாறு ஷெல் நிறுவனத்திற்கு 2021 மே மாதம் ஹேக் நகர நீதிமன்றம் கட்டளையிட்டது. 2024 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விழுக்காட்டை நீக்கிற்று. ஆனால் வெளியேற்றத்தைக் குறைக்கும் கடமை அந்நிறுவனத்திற்கு உண்டென்பதை உறுதிசெய்தது. கடமை உண்டு, அதன் அளவை எவ்வாறு வரையறுப்பது என்பதே எஞ்சியுள்ள வினா.

3. மலையும் ஆறும்

இனிச் சேர்வராயன் மலைக்கு வருவோம். ஏற்காட்டிற்கு அருகே, 1,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், பரந்த மேட்டுநிலத்தின்மேல் அமைந்துள்ளது சேர்வராயன் கோயில். குகைக்குள் அமைந்த அச்சிறு கோயிலில் சேர்வராயனும் காவேரியும் வழிபடப்படுகின்றனர். ஒருவர் மலை, மற்றவர் ஆறு. மலைவாழ் மலையாளி மக்கள் ஆண்டுதோறும் அங்கே திருவிழா எடுக்கின்றனர். மலையையும் ஆற்றையும் ஒருங்கே வைத்த அம்மக்களின் பார்வை, நாம் கூறவிருக்கும் வரலாற்றுக்கு மிகப் பொருந்துவது.

இம்மேட்டுநிலங்கள் பாக்சைட் படிவம் உடையவை. 1965 முதல் மேட்டூரில் இயங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்குச் சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் சென்றது. மலையின் மேற்பரப்பு வெட்டப்பட்டு, லாரிகளில் இறங்கி, காவிரிக் கரைக்குப் போயிற்று. நான்கு அல்லது ஐந்து டன் பாக்சைட்டிலிருந்து இரண்டு டன் அலுமினாவும், அதிலிருந்து ஒரு டன் அலுமினியமும் கிடைக்கும். எஞ்சிய செம்மண் கழிவு ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் அண்டையில் குவிந்தது.

ஒரு டன் அலுமினியத்தைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். மாதம் 100 யூனிட் செலவிடும் குடும்பம் ஒன்று பதினோராண்டுகளுக்கு மேல் பயன்படுத்தும் மின்சாரம் இது. தொடக்கத்தில் மின்வாரியத்தின் மின்சாரத்தை நம்பியிருந்த இவ்வாலை, 1995 இல் ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்கு மாறியபின் தனக்கென நிலக்கரி மின்நிலையம் அமைத்துக்கொண்டது. நிலக்கரியால் ஒரு யூனிட் உண்டாக்க ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும். ஆகவே ஒரு டன் அலுமினியத்தின் மின்சாரத்திற்கு மட்டும் 13 அல்லது 14 டன் வாயு. அதாவது ஆறேழு இந்தியரின் ஓராண்டுக் கணக்கு.

இதனை 'லைஃப்' பட்டியலோடு ஒப்பிடுவோம். 60 வாட் குண்டு பல்பை நீக்கி 9 வாட் எல்.இ.டி. விளக்கை நாளொன்றுக்கு ஐந்து மணிநேரம் எரிப்பவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 93 யூனிட் சேமிக்கிறார். ஒரு டன் அலுமினியத்தின் மின்சாரத்தை ஈடுசெய்ய 150 வீடுகள் ஓராண்டு முழுவதும் இவ்வாறு செய்யவேண்டும். ஆலையின் உற்பத்தித் திறனோ ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 டன். அதற்கு ஈடாக 60 லட்சம் வீடுகள் விளக்கை மாற்றவேண்டும். ஆற்றுநீரால் இயங்குவதா, நிலக்கரியால் இயங்குவதா என்ற கேள்வியோ ஓர் அறையில், விரல்விட்டு எண்ணத்தக்கோர் கூடித் தீர்மானித்த ஒன்று.

எனினும் அலுமினியத்தை வாங்கியவர் எவர்? ஏழையின் அடுப்பங்கரையில் பித்தளையின் இடத்தைப் பிடித்த பாத்திரம் அலுமினியம். சிற்றூர்களுக்கு விளக்கொளியைக் கொண்டுசென்ற மின்கம்பி அலுமினியம். அப்பாத்திரத்தில் சமைத்து அவ்வொளியில் படித்த நாம், அவ்வாலைக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று கூற இயலாது. ஆனால் சமைத்தவளுக்கு அப்பாத்திரம் எந்த மின்சாரத்தால் உருவாயிற்று என்பதைத் தெரிந்துகொள்ளவோ, வேறு மின்சாரத்தால் உருவானதைத் தேர்ந்தெடுக்கவோ வழியில்லை. அவளும் பங்குடையவள், தீர்மானித்தவளல்லள். இவ்வேறுபாட்டை நாம் எடுத்துக்கொண்ட இரண்டு ஆவணங்களும் காட்டுவதில்லை. முன்னது தீர்மானித்தவரையும் சமைத்தவளையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. பின்னது, அதனை மேற்கோள் காட்டுவோரின் வாயில், சமைத்தவளோடு சேர்த்து மகிழுந்தில் மலையேறும் செல்வரையும் விடுவித்துவிடுகிறது.

மலையடிவாரத்திலுள்ள சுண்ணாம்புக்கரடு மற்றொரு சான்று. சேலத்தார் வெள்ளைக்கல் என்றழைக்கும் மாக்னசைட் அங்கே வெட்டப்படுகிறது. அதைச் சூளையிலிட்டுச் சுடும்போது, எரிபொருளின் புகை நீங்கலாக, கல்லின் எடையிலேயே பாதிக்குமேல் கரியமில வாயுவாகப் பிரிந்து செல்கிறது. இது வேதியியலின் நியதி. எத்துணைப் பேர் துணிப்பை ஏந்தினும் மாறாது. உருக்காலைகளின் உலைக்குள் பதிக்கும் செங்கலுக்கு வேறு வழி தேடுவோரும், சூளையின் திறனைக் கூட்டுவோரும், அவற்றைக் கட்டாயமாக்கும் அரசுமே இதனைக் குறைக்க வல்லவர். அரசும் ஓரளவு அசைந்துள்ளது. 2023 இல் இந்திய அரசு அறிவித்த கரிம வணிகத் திட்டம் அலுமினியம், சிமெண்டு போன்ற தொழில்களுக்கு இலக்கு விதிக்க வழிசெய்தது. ஆயினும் அவ்விலக்கு ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு என்ற விகிதமே. உற்பத்தி பெருகின் மொத்த வெளியேற்றம் பெருகுவதை அது தடுப்பதில்லை.

2007 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நார்வே அரசின் ஓய்வூதிய நிதியம், வேதாந்தா, ஸ்டெர்லைட் நிறுவனங்களோடு மெட்ராஸ் அலுமினியம் கம்பெனியையும் தன் முதலீட்டிலிருந்து விலக்கிற்று. சுற்றுச்சூழல் கேடும் மனித உரிமை மீறலும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். 2008 நவம்பரில் ஆலையின் அலுமினிய உற்பத்தி நிறுத்தப்பட்டது. செலவு மிகுதியே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. நார்வேயின் அந்நிதியமோ வடகடல் எண்ணெயால் திரண்ட செல்வம். நம் மலைக்காகக் கணக்குக் கேட்டவரிடமே கேட்கவேண்டிய கணக்கும் உண்டு. ஆயினும் அவர் கேட்டது தவறாகாது. கறையற்ற கைகளே கணக்குக் கேட்கலாம் என்று விதித்தால், உலகில் எவரும் எவரையும் கேட்கமாட்டார்; அவ்விதியால் மகிழ்பவர் பெரிய கடனாளியே.

4. பலிகளின் வரிசை

திருமறை இக்கேள்வியை எவ்வாறு அணுகுகிறது? வீலர் ராபின்சன் 1935 இல் எபிரேயரின் 'கூட்டு ஆளுமை' பற்றி ஆற்றிய உரைக்குப்பின், ஆகானின் வரலாறு (யோசுவா 7) அதற்கு எடுத்துக்காட்டாக வழங்கிற்று. 1970 இல் ரோஜர்சன் அக்கொள்கையின் மானிடவியல் அடித்தளம் பழுதுடையது எனக் காட்டினார். தனிமனிதன் குழுவுக்குள் கரைந்துபோனான் என்று கூற இயலாது என்பதே அவர் திறனாய்வின் பயன். அவ்வரலாற்றில் சீட்டு விழும் முறையே நமக்குப் பாடம்: முதலில் கோத்திரம், பின்னர் வம்சம், பின்னர் குடும்பம், இறுதியில் ஆள். விசாரணை பெருங்குழுவில் தொடங்குகிறது, அங்கே நின்றுவிடுவதில்லை. 'நிறுவனம்' என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்வோர் பாதி விசாரணையே செய்தவர்; கையெழுத்திட்டவர் எவர் என்றும் கேட்கவேண்டும். அதே வேளையில் ஆகானின் பிள்ளைகளும் அவனோடு அழிந்த முடிவை எசேக்கியேல் 18 ஏற்பதில்லை. எவர் செய்ததற்கு எவர் பல் கூசவேண்டும் என்பது காலநிலைக் கேட்டைச் சுமக்கப்போகும் இளந்தலைமுறையின் கேள்வியுமாகும்.

இதனினும் தெளிவானது லேவியராகமம் 4 ஆம் அதிகாரம். அறியாமையால் செய்த பாவம் தெரியவரும்போது செலுத்தவேண்டிய பலிகளை அது வரிசைப்படுத்துகிறது. அபிஷேகம் பெற்ற ஆசாரியனுக்கு ஒரு காளை, சபை முழுவதற்கும் ஒரு காளை, தலைவனுக்கு வெள்ளாட்டுக்கடா, பொதுமக்களில் ஒருவனுக்குப் பெண் ஆடு. அடுத்த அதிகாரத்தில் சில குற்றங்களுக்கு, வசதியற்றவன் இரண்டு புறாக்களையும், அதற்கும் இயலாதவன் சிறிதளவு மாவையும் கொண்டுவரலாம் எனப்படுகிறது. எவரும் முற்றிலும் விடுவிக்கப்படவில்லை. எவரிடமும் ஒரே அளவு கேட்கப்படவுமில்லை. அளவு பதவியைப் பொறுத்தது. ஆசாரியன் ஒருவனின் பலியும் சபை முழுவதன் பலியும் சமமாயிருப்பது, பிரசங்கபீடத்தில் நிற்போர் அஞ்சத்தக்கது. 1988 க்குப்பின் கரியின் பாவம் தெரியவந்துவிட்டது. மாவு கொண்டுவர வேண்டியவளிடம் காளையைக் கேட்பதும், காளை கொண்டுவர வேண்டியவரிடம் மாவைப் பெற்றுக்கொண்டு ஆசீர்வதிப்பதும் நம் சுற்றுச்சூழல் ஞாயிறுகளின் குறை.

5. சபை என்னும் அமைப்பு

திருச்சபை தனிமனிதருமன்று, வணிக நிறுவனமுமன்று. ஆயினும் நிலமும் பள்ளியும் மருத்துவமனையும் வைப்புநிதியும் உடைய ஓர் அமைப்பு. அமைப்பாகவே அது பதில் கூறவேண்டும். ஒடிசாவின் நியமகிரி மலை மக்களின் உரிமையை முன்னிட்டு, இங்கிலாந்துத் திருச்சபை 2010 பிப்ரவரியில் வேதாந்தாவில் தான் வைத்திருந்த பங்குகளை விற்றது. உலகத் திருச்சபைகள் மன்றம் 2014 இல் புதைபடிவ எரிபொருளில் முதலீடு செய்வதில்லை எனத் தீர்மானித்தது. 2023 ஜூனில் இங்கிலாந்துத் திருச்சபை ஷெல், பி.பி. உள்ளிட்ட பெரும் எண்ணெய் நிறுவனங்களையும் விலக்கிற்று. இத்தீர்மானங்களால் மட்டும் ஓர் எண்ணெய்க் கிணறும் மூடப்படாது என்பது மெய்யே. ஆனால் அங்கே ஓர் அமைப்பு தன் உறுப்பினருக்குப் பின்னே ஒளிந்துகொள்ளாமல், தன் பெயரால் தீர்மானித்தது.

நம் நாட்டில் செய்யத்தக்கவை யாவை? பேராயங்கள் தம் பள்ளிகள், மருத்துவமனைகள், ஊர்திகள், ஜெனரேட்டர்கள் ஆகியவற்றின் எரிபொருட் கணக்கை வரவுசெலவுக் கணக்கோடு ஆண்டுதோறும் வெளியிடலாம். பேராய மன்றக் கூட்டங்களில், வைப்புநிதி எங்கே முதலீடாகிறது, நிலம் எவருக்கு எதற்காகக் குத்தகைக்கு விடப்படுகிறது என்ற கேள்விகளை எழுப்பலாம். பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 ஆம் நிதியாண்டிலிருந்து சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை அளித்தல் கட்டாயம். அவற்றில் பணியாற்றும் சபையாரைக் கொண்டு அவ்வறிக்கைகளைக் கற்பிக்கும் வகுப்பொன்றை இறையியல் கல்லூரிகள் நடத்தலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, போதகர்கள் தம் சபையாரை நுகர்வோராக மட்டும் கருதாமல், அவரவர் வகிக்கும் பதவியில் வைத்துப் பேசவேண்டும். பொறியாளரிடம் அவர் வடிவமைக்கும் உலையைப் பற்றியும், அதிகாரியிடம் அவர் கையெழுத்திடும் கோப்பைப் பற்றியும், பங்குதாரரிடம் அவர் பெறும் ஆதாயத்தைப் பற்றியும் கேட்கவேண்டும். காப்பித் தோட்டத்துப் பெண்ணிடம் நாம் கேட்கவேண்டியது வேறு: மழை பிறழ்ந்து பூ உதிர்ந்த ஆண்டில் அவள் வீட்டில் என்ன நேர்ந்தது என்பதையே. இவ்வழக்கில் அவள் முதன்மையாகச் சாட்சி. பிரதிவாதியின் இடத்தில் அவளை நிறுத்துவது அநீதி.

பொறுப்பு என்பது எரிந்த கரியைத் தலைக்கு இவ்வளவென்று பங்கிடும் கணக்கன்று. மாற்றும் ஆற்றல் எவரிடம் இருந்தது, அறிந்தபின் அவர் என்ன செய்தார் என்பதற்கு அவரவர் கூறவேண்டிய விடையே அது. அவ்விடையை ஏழையிடமிருந்து முதலில் எதிர்பார்க்கும் வரிசையை நாம் திருப்பவேண்டும். ஆசாரியனின் பலி முதலில் வைக்கப்பட்ட வரிசை நமக்கு முன்னே உள்ளது. அதன்படி கணக்குத் திறக்கப்படவேண்டிய முதல் இடம் நம் பேராய அலுவலகமே.